ஃபெதிசோவின் 36 கோல்களை எப்படிப் படிப்பது?

நீங்கள் கேட்டது இது: "வியாசெஸ்லாவ் ஃபெதிசோவ் வட அமெரிக்காவின் என்.எச்.எல். லீகில் 546 ஆட்டம் ஆடி 36 கோல்தான் போட்டிருக்கிறார். அப்படிப்பட்டவரை ஐஸ் ஹாக்கியின் மிகச்சிறந்த தடுப்பாட்டக்காரர்களில் ஒருவர் என்று எதை வைத்துச் சொல்கிறார்கள்? சோவியத் காலத்துப் பெயரை வைத்து ஊதிப் பெருக்கியதுதானே?" கோல் கணக்கைப் பற்றிய கேள்விபோலத் தெரிந்தாலும் இதற்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. தடுப்பாட்டக்காரரின் மதிப்பை எதைக் கொண்டு அளப்பது என்பது ஒன்று. வாழ்க்கையின் முற்பாதியை ஒரு நாட்டிலும் பிற்பாதியை இன்னொரு நாட்டிலும் ஆடியவரின் கணக்கை எப்படிச் சேர்த்துப் பார்ப்பது என்பது மற்றொன்று. டொராண்டோ பக்கம் பதினெட்டு வருடமாகச் சிறுவர் அணிகளுக்குப் பயிற்சி கொடுத்து வருகிறேன், பெரும்பாலும் டிஃபென்ஸ் ஆடும் பிள்ளைகளுக்கு. ஃபெதிசோவின் மாஸ்கோ கால ஆட்டங்களை நான் நேரில் பார்த்தவன் அல்ல. வீடியோவில்தான் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன். அதனால் பதிவேட்டில் உள்ளது எது, என் கண்ணுக்குப் பட்டது எது என்று பிரித்தே சொல்கிறேன்.

முதலில் பதிவேடு. ஃபெதிசோவ் 1958 ஏப்ரல் 20 அன்று மாஸ்கோவில் பிறந்தார். ராணுவத்தின் சிஎஸ்கேஏ அணியில் சிறுவனாகச் சேர்ந்து, அங்கேயே வளர்ந்து, 1989 வரை அங்கேயே ஆடினார். சோவியத் லீகில் ஏறத்தாழ 480 ஆட்டங்கள், கோல்கள் 150ஐ ஒட்டி. அதாவது மூன்று ஆட்டத்துக்கு ஒரு கோல். நீங்கள் காட்டிய கணக்குப்படி அமெரிக்காவில் பதினைந்து ஆட்டத்துக்கு ஒன்று. இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்தான் உங்கள் கேள்வி முழுமையாகும், ஏனென்றால் இரண்டும் ஒரே ஆளுடையவை.

நாட்டு அணிக்காக 1984லும் 1988லும் ஒலிம்பிக் தங்கம், 1980ல் வெள்ளி. உலக சாம்பியன் பட்டம் ஏழு முறை: 1978, 1981, 1982, 1983, 1986, 1989, 1990. உலகப் போட்டியின் சிறந்த தடுப்பாட்டக்காரர் விருது ஐந்து முறை. அதில் முதலாவதை 1978ல் பிராக் நகரில் வாங்கியபோது அவருக்கு வயது இருபது. 1982லும் 1986லும் சோவியத் நாட்டின் சிறந்த ஹாக்கி ஆட்டக்காரர். 2008ல் சர்வதேச ஐஸ் ஹாக்கி சம்மேளனம் தன் நூற்றாண்டுக்காக ஆறு பேர் கொண்ட ஓர் அணியை அறிவித்தது. கோல்காப்பாளர் த்ரெத்யாக், முன்வரிசையில் கர்லாமோவ், மகரோவ், கிரெட்ஸ்கி. தடுப்பு வரிசைக்கு உலகத்திலிருந்தே இரண்டே பேர்: ஸ்வீடனின் சால்மிங், ரஷ்யாவின் ஃபெதிசோவ்.

இதை மட்டும் வைத்து உங்கள் வாதத்தை நான் தள்ளிவிட முடியாது. உங்கள் சந்தேகத்தில் ஒரு நியாயம் இருக்கிறது. சிஎஸ்கேஏ 1977 முதல் 1989 வரை தொடர்ச்சியாக 13 முறை லீகை வென்றதற்குத் திறமை மட்டுமே காரணம் இல்லை. கட்டாய ராணுவ சேவை என்ற பெயரில் மற்ற அணிகளின் நல்ல ஆட்டக்காரர்களை இழுத்துக்கொள்ள அந்த அணியால் முடிந்தது. உலக சாம்பியன்ஷிப்போ என்.எச்.எல். பிளேஆஃப், அதாவது பட்டத்துக்கான கடைசிச் சுற்றுகள், நடக்கும் நேரத்திலேயே நடக்கும்; கனடாவின் முதல்தர ஆட்டக்காரர்கள் பெரும்பாலும் அங்கே வர மாட்டார்கள். எனவே தங்கப் பதக்கங்களைக் கூட்டிக் காட்டினால் பாதி ஆதாரம்தான் ஆகும். மீதிப் பாதிக்கு, எல்லாரும் தங்கள் முழு பலத்தோடு வந்த கனடா கோப்பையைப் பார்க்க வேண்டும். 1981ல் அதை சோவியத் அணி வென்றது. 1987ல் இறுதிச் சுற்று மூன்று ஆட்டங்கள், மூன்றும் 6-5. முதலாவது சோவியத்துக்கு, அடுத்த இரண்டும் கனடாவுக்கு. கிரெட்ஸ்கியும் மாரியோ லெமியூவும் கனடாவுக்காக ஒரே அணியில் ஆடிய தொடர் அது. அவர்களுக்கு எதிரே இருபது நாள் இல்லை, பல வருடம் சேர்ந்தே ஆடிப் பழகிய ஐவர் நின்றார்கள். தடுப்பில் ஃபெதிசோவும் அலெக்ஸெய் கசதோனோவும். முன்னால் செர்கெய் மகரோவ், இகோர் லரியோனோவ், விளாதிமிர் க்ருதோவ்.

இப்போது அளவுகோலுக்கு வருகிறேன். எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம் என்பதால் இதில் கொஞ்சம் நின்று பேசுகிறேன். எங்கள் பயிற்சியில் ஒன்று உண்டு. பக்கை, அதாவது அந்த ரப்பர் வில்லையை, நான் மூலைக்குத் தட்டிவிடுவேன். பையன் அதை எடுக்கத் திரும்பிச் சறுக்கிப் போவான். அவன் முதுகுக்குப் பின்னால் உதவிப் பயிற்சியாளர் கை விரல்களை உயர்த்திக் காட்டிக்கொண்டிருப்பார். பக் அவன் மட்டையைத் தொடுவதற்கு முன்னால் தோளுக்கு மேல் திரும்பிப் பார்த்து, எத்தனை விரல் என்று கத்திச் சொல்ல வேண்டும். பத்து வயதுப் பிள்ளைகள் முதல் நாளில் யாருமே சொல்ல மாட்டார்கள். எல்லாருடைய கண்ணும் பக்கிலேயே ஒட்டிக்கொண்டிருக்கும். ஒரு மாதம் கழித்து இரண்டு மூன்று பேர் சொல்வார்கள். அந்த இரண்டு மூன்று பேர்தான் கடைசி வரை தடுப்பு வரிசையில் நிற்பார்கள். காரணம் எளிது. பக்கை எடுத்த பிறகு எங்கே தருவது என்று யோசித்தால் நேரம் போய்விடும். எதிராளி வந்து ஓரத் தடுப்புப் பலகையோடு சேர்த்து அடித்துவிடுவான். எடுப்பதற்கு முன்பே பார்த்து வைத்திருந்தால் பக் மட்டையில் ஒரு நொடிகூடத் தங்காது. தன் கோல் பக்கத்திலிருந்து கிளம்பும் அந்த முதல் பாஸ் சரியாகப் போனால் ஐந்து பேரும் ஒரே நேரத்தில் முன்னால் ஓட ஆரம்பிப்பார்கள். தப்பாகப் போனால் அடுத்த ஒரு நிமிடம் முழுக்கச் சொந்த கோலைக் காத்துக்கொண்டே நிற்க வேண்டியதுதான்.

ஃபெதிசோவின் பழைய ஆட்டங்களில் நான் முதலில் கவனித்தது அவருடைய தலையை. பக்கை நோக்கிப் போகும்போது தலை ஒரு தடவை வலப்பக்கம், ஒரு தடவை இடப்பக்கம் திரும்பும். எடுத்த பிறகு அவசரமே இருக்காது. துரத்தி வருபவன் நெருங்கும் வரை விட்டுவைத்து, தோளை ஒரு பக்கம் சாய்த்து, மறுபக்கம் நழுவிவிடுவார். முன்னால் வழி அடைபட்டிருந்தால் பக்கைக் கண்மூடித்தனமாக எறியவே மாட்டார். திரும்பிப் பின்னால் கசதோனோவுக்குத் தருவார், முன்வரிசையினர் ஒரு வட்டம் போட்டு வந்து புது இடங்களில் நிற்பார்கள், மறுபடி ஆரம்பம். கனடாவில் வளர்ந்தவர்களுக்கு இது விசித்திரமாக இருக்கும். இங்கே பழைய பாடம், "சந்தேகமாக இருந்தால் எதிரணி மூலைக்கு அடித்துவிட்டுத் துரத்து" என்பது. கையில் இருப்பதை ஏன் எதிராளிக்குக் கொடுக்க வேண்டும் என்பது சோவியத் பாடம். இன்னொன்றும் உண்டு. பாஸ் கொடுத்துவிட்டு அவர் நின்றுவிட மாட்டார். எதிரணிப் பகுதி தொடங்கும் நீலக்கோட்டைத் தாண்டி நான்காவது ஆளாக, சில சமயம் முதல் ஆளாகவே, எதிரணி கோலுக்கு முன்னால் போய் நிற்பார். அவர் விட்டுவந்த இடத்தில் ஒரு முன்வரிசை ஆள் இறங்கி நின்றிருப்பார். மூன்று ஆட்டத்துக்கு ஒரு கோல் வந்தது இப்படித்தான். அந்த ஐவரில் யார் தடுப்பு, யார் தாக்குதல் என்று கோடு கிழிப்பதே கஷ்டம்.

இந்த ஐவரை உருவாக்கியது யார் என்பதில் கருத்து வேறுபாடு இருக்கிறது. அது தீராத விவாதம். சேர்த்து நிறுத்தியவர் பயிற்சியாளர் விக்தர் திகோனோவ், 1980களின் தொடக்கத்தில். அது பதிவு. ஆனால் அந்த விளையாட்டு முறையின் வேர் அவருக்கு முந்தைய பயிற்சியாளர் அனதோலி தராசோவிடம் இருக்கிறது என்பார்கள். ஆட்டக்காரர்களின் சொந்த அறிவே பெரும்பங்கு என்பது ஃபெதிசோவ், லரியோனோவ் இருவரும் பிற்காலத்தில் பேசிய தோரணை. திகோனோவ் பக்கம் நின்றவர்கள், அந்தக் கெடுபிடி இல்லாமல் அந்த ஒழுங்கு வந்திருக்காது என்பார்கள். ஒரு பயிற்சியாளனாக எனக்குப் படுவது: பழக்கத்தின் துல்லியத்தைத் திகோனோவ் கொடுத்தார், அவர்களுடைய கற்பனையை அவர் கொடுக்கவில்லை. இது என் தீர்ப்பு. ஆதாரம் காட்டி நிரூபிக்கக் கூடிய விஷயம் இல்லை.

கெடுபிடி என்றால் சாதாரணக் கெடுபிடி இல்லை. மாஸ்கோவுக்கு வெளியே அர்ஹாங்கெல்ஸ்கொயே என்ற இடத்தில் அணியின் முகாம். கல்யாணம் ஆனவர்களும் குழந்தை பெற்றவர்களும் வருடத்தில் பெரும்பகுதி அங்கேயே அடைபட்டுக் கிடந்தார்கள். எல்லாரும் ராணுவ அதிகாரிகள், ஃபெதிசோவ் மேஜர். அதிகாரியாக இருப்பவர் விருப்பப்படி வேறு வேலைக்குப் போய்விட முடியாது. வட அமெரிக்கப் பக்கத்தில் அவருக்கு இடம் எப்போதோ தயாராகிவிட்டது. 1978ல் மான்ட்ரியல் கனடியன்ஸ் அணி டிராஃப்டில், அதாவது புது ஆட்டக்காரர்கள்மீதான உரிமையை அணிகள் முறைவைத்து எடுக்கும் ஏற்பாட்டில், 201வது ஆளாக அவர் பெயரை எடுத்தது. 1983ல் நியூ ஜெர்சி டெவில்ஸ் 150வது ஆளாக எடுத்தது. உலகின் சிறந்த தடுப்பாட்டக்காரர் 150வது இடத்தில் இருந்ததற்கு ஒரே காரணம், அவர் வரவே முடியாது என்று எல்லாரும் நம்பியதுதான்.

1988 ஒலிம்பிக்குக்குப் பிறகு அந்த நம்பிக்கை ஆட்டம் கண்டது. அவரை விடுவிப்பதாகச் சொல்லியிருந்தார்கள், பிறகு பின்வாங்கினார்கள் என்று ஃபெதிசோவ் சொல்கிறார். யார், எந்த வார்த்தைகளில் சொன்னார்கள் என்பதற்கு அவர் பேச்சுதான் சாட்சி. ஆனால் அடுத்து நடந்தவை ஊரறிய நடந்தவை. அந்த வருட இலையுதிர் காலத்தில் லரியோனோவ் 'ஓகன்யோக்' வார இதழில் திகோனோவுக்கு ஒரு திறந்த மடல் எழுதினார். 1989 தொடக்கத்தில் ஃபெதிசோவ் ஒரு மாஸ்கோ நாளிதழுக்குப் பேட்டி கொடுத்து, இனி திகோனோவின் அணியில் ஆட விருப்பமில்லை என்று வெளிப்படையாகவே சொன்னார். சோவியத் நாட்டு அணியின் கேப்டன், ராணுவ மேஜர், பத்திரிகையில் அப்படிச் சொன்னார் என்பதன் கனத்தை இன்று உணர்வது கஷ்டம். அணியிலிருந்து நீக்கப்பட்டார். பயிற்சி செய்ய இடம் கொடுக்கவும் ஆட்கள் தயங்கினார்கள். கியெவ் நகரில் காவல்துறையினர் தன்னை அடித்ததாகவும், பாதுகாப்பு அமைச்சர் யாசோவ் தன்னை அழைத்து மிரட்டியதாகவும் அவர் பின்னாளில் விவரித்திருக்கிறார். இவற்றை அவர் வாக்குமூலம் என்ற அளவில் எடுத்துக்கொள்ளுங்கள். அப்புறம் கூட்டாளிகள் சிலர் தொலைக்காட்சியிலேயே, கேப்டன் இல்லாமல் உலகப் போட்டிக்குப் போக மாட்டோம் என்றார்கள். அவரைத் திரும்பச் சேர்த்தார்கள். 1989 ஸ்டாக்ஹோம் உலகப் போட்டியில் கேப்டனாக ஆடித் தங்கமும் வாங்கினார், சிறந்த தடுப்பாட்டக்காரர் விருதும் வாங்கினார். அந்தக் கோடையில் நியூ ஜெர்சிக்குக் கிளம்பினார். மகரோவ் கால்கரிக்கு, லரியோனோவும் க்ருதோவும் வான்கூவருக்கு. மற்றவர்களுக்காக நடந்த பேரத்தில் பெரும்பணம் சோவியத் அரசு அமைப்புக்குப் போனது. தன் ஒப்பந்தத்தில் அப்படிப் பங்கு கொடுக்க ஃபெதிசோவ் மறுத்தார்.

அங்கே போய்ச் சேர்ந்தபோது வயது 31. இதைக் கொஞ்சம் நிறுத்தி யோசியுங்கள். நீங்கள் மனதுக்குள் ஒப்பிடும் ஆள் அநேகமாகக் கனடாவின் பாபி ஓராகத்தான் (Bobby Orr) இருப்பார். தடுப்பாட்டக்காரர் என்றால் எல்லாரும் அங்கேதான் போவார்கள். பாபி ஓர் 657 ஆட்டங்களில் 270 கோல், மொத்தம் 915 புள்ளிகள் (போட்ட கோலுக்கும், கோலுக்கு வழிசெய்த பாஸான அசிஸ்டுக்கும் தலா ஒரு புள்ளி). அதை யாராலும் குறைத்துப் பேச முடியாது. ஆனால் முழங்கால் நொறுங்கி, 1978ல் முப்பது வயதில் அவர் ஓய்வு பெற்றார். பாபி ஓரின் முழுக் கதையும் முடிந்த வயதுக்கு அப்புறம்தான் ஃபெதிசோவின் என்.எச்.எல். கணக்கின் முதல் வரியே தொடங்குகிறது. அந்த இரண்டு பட்டியல்களையும் ஒரே மேசையில் வைத்துக் கழித்துப் பார்ப்பது, ஒருவருடைய காலையையும் இன்னொருவருடைய மாலையையும் ஒப்பிடுவதுதான்.

நியூ ஜெர்சி வருடங்களை நான் அழகாக்கிச் சொல்லப் போவதில்லை. முதல் சீசனில் 72 ஆட்டம், 8 கோல், 34 அசிஸ்ட், மொத்தம் 42 புள்ளி. நல்ல தொடக்கம்தான். ஆனால் ரிங்க்கே, அதாவது ஆடும் பனித்தளமே, வேறு. அன்றைய சர்வதேச ரிங்க் 30 மீட்டர் அகலம், என்.எச்.எல். ரிங்க் 26 மீட்டர். நான்கு மீட்டர் என்பது ஏதோ சின்ன விஷயம்போலத் தோன்றும். மூலைக்குப் போன தடுப்பாட்டக்காரருக்கு அது எதிராளி வந்து மோத எடுக்கும் நேரம். தோளைச் சாய்த்து ஏமாற்றி நழுவப் பழகியவருக்கு நழுவ இடமே இருக்காது. குளிர்ப்போர் முடியாத காலம் வேறு. ரஷ்யன் என்றாலே ஓங்கி ஒரு அடி கூடுதலாகக் கொடுக்கும் ஆட்கள் இருந்தார்கள். அதே சீசனின் நடுவில் கசதோனோவையும் அதே அணி கூட்டிவந்தது. மாஸ்கோ சண்டையில் கசதோனோவ் தன் பக்கம் நிற்கவில்லை என்று ஃபெதிசோவுக்கு ஆறாத வருத்தம். ஒரு தசாப்தம் ஜோடியாக ஆடியவர்கள், சகோதரர்கள்போல இருந்தவர்கள், பேச்சு அறுந்த நிலையில் ஒரே உடைமாற்றும் அறையில் உட்கார்ந்திருந்தார்கள். அதற்கடுத்த வருடங்களில் புள்ளிகள் 19, 26, 27, 15 என்று போயின. 1993ல் ஜாக் லெமேர் பயிற்சியாளராக வந்தார். நடுப்பகுதியை அடைத்து எதிரணியின் தப்புக்காகக் காத்திருக்கும் முறை அவருடையது. அந்த முறை 1995ல் ஸ்டான்லி கோப்பையையே, அதாவது என்.எச்.எல். பட்டத்தையே, வாங்கித் தந்தது என்பதால் அதைக் குறை சொல்ல முடியாது. ஆனால் பின்னாலிருந்து பக்கை எடுத்துக்கொண்டு கிளம்புபவருக்கு அதில் பெரிய வேலை இல்லை.

என் வாதம் முழுக்கத் தொங்குவது இதற்கடுத்து நடந்ததில்தான். 1994-95 சீசன், அணி உரிமையாளர்களின் கதவடைப்பால் ஏறத்தாழப் பாதியாகச் சுருங்கியது. அதில் ஃபெதிசோவ் நியூ ஜெர்சிக்கு ஆடியது நான்கே ஆட்டம்; கிடைத்தது ஒரே ஒரு புள்ளி. ஏப்ரல் 3 அன்று, ஒரு மூன்றாம் சுற்று டிராஃப்ட் இடத்துக்கு ஈடாக அவரை டெட்ராய்ட் ரெட் விங்ஸ் அணிக்குக் கொடுத்துவிட்டார்கள். முப்பத்தேழு வயதை எட்டப்போகிறவருக்கு அதுவே அதிகம் என்று நினைத்திருப்பார்கள். டெட்ராய்ட்டில் மிச்சமிருந்த சீசனில் 14 ஆட்டம் ஆடினார். 3 கோல், 11 அசிஸ்ட், 14 புள்ளி. அதே ஆள், அதே வருடம், அதே கால்கள். பதினான்கு ஆட்டம் மிகச் சிறிய மாதிரி, தற்செயலாக இருக்கலாம் என்று நீங்கள் சொல்லலாம். சரி, அடுத்த சீசனைப் பாருங்கள்: 69 ஆட்டம், 7 கோல், 35 அசிஸ்ட், 42 புள்ளி. 31 வயதில் வந்து சேர்ந்த முதல் வருடத்தில் எடுத்த அதே 42ஐ, 38ஐத் தொடும் வயதில் மறுபடி எடுத்தார்.

அங்கே என்ன மாறியது? பயிற்சியாளர் ஸ்காட்டி போமன் அவரைச் சுற்றி ஒரு கூட்டத்தைச் சேர்த்தார். செர்கெய் ஃபெதரோவ், வியாசெஸ்லாவ் கொஸ்லோவ், விளாதிமிர் கொன்ஸ்தாந்தினோவ் ஏற்கெனவே அங்கே இருந்தார்கள். 1995 அக்டோபரில் சான் ஹோசே அணியிலிருந்து லரியோனோவையும் வாங்கிப்போட்டார்கள். அந்த மாதம் 27ஆம் தேதி, கால்கரியில், ஐந்து பேரும் முதல் முறையாக ஒன்றாக ஐஸில் இறங்கினார்கள். டெட்ராய்ட் 3-0 என்று ஜெயித்தது. என்.எச்.எல்.லில் முன்வரிசை மூவர் தனியாகவும் தடுப்பு இருவர் தனியாகவும் மாறி மாறி இறங்குவார்கள்; யார் யாரோடு நிற்கிறார்கள் என்பது கலைந்துகொண்டே இருக்கும். போமன் செய்தது ஐவரையும் ஒரே அலகாக வைத்தது, மாஸ்கோவில் வைத்ததுபோலவே. எதிரணி துரத்திவர, ஃபெதிசோவ் பின்னால் திருப்பிக் கொடுத்து, லரியோனோவ் வட்டம் போட்டு இறங்கி வாங்கி, ஃபெதரோவ் மறுபக்கத்தில் வேகமெடுக்கும் அந்த ஆட்டங்களை நான் பிள்ளைகளுக்குப் போட்டுக் காட்டுவது உண்டு. அந்த சீசனில் டெட்ராய்ட் 62 ஆட்டங்களை வென்றது. லீக் வரலாற்றில் அதுவரை யாரும் அத்தனை வென்றதில்லை. கொன்ஸ்தாந்தினோவ் ஐஸில் இருந்தபோது அணி போட்ட கோலுக்கும் வாங்கிய கோலுக்கும் உள்ள வித்தியாசம் கூட்டல் 60. லீகிலேயே அதிகம் அதுதான். பக்கத்தில் நின்றவர் பெரும்பாலும் ஃபெதிசோவ். அந்த 60ல் அவருக்கு எவ்வளவு பங்கு என்று பிரித்துச் சொல்ல அன்றைய புள்ளிவிவரங்களில் வழியில்லை. முதல் பாஸுக்கு அப்போது யாரும் கணக்கு வைக்கவில்லை. கோல் போட்டவருக்கும் அதற்கு முன்னால் தொட்ட இரண்டு பேருக்கும்தான் புள்ளி. நான்காவதாகத் தொட்டவர், அதாவது பின்னாலிருந்து எல்லாவற்றையும் கிளப்பிவிட்டவர், காகிதத்தில் இருக்கவே மாட்டார்.

1997 ஜூன் 7 அன்று, பிலடெல்பியாவை இறுதித் தொடரின் நான்கு ஆட்டத்திலும் வீழ்த்தி, டெட்ராய்ட் 42 வருடத்துக்குப் பிறகு ஸ்டான்லி கோப்பையை எடுத்தது. ஃபெதிசோவும் லரியோனோவும் கோப்பையை ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு சேர்ந்தே ரிங்கைச் சுற்றினார்கள். ஒலிம்பிக், உலக சாம்பியன்ஷிப், ஸ்டான்லி கோப்பை மூன்றும் கிடைத்தவர்களின் வரிசையில் அன்று இருவரும் சேர்ந்தார்கள். ஆறு நாள் கழித்து, கொண்டாட்டம் முடிந்து திரும்பிய வாடகை லிமோசின் மரத்தில் மோதியது. உள்ளே ஃபெதிசோவ், கொன்ஸ்தாந்தினோவ், அணியின் மசாஜ் நிபுணர் செர்கெய் ம்னத்சகானோவ் மூவரும் இருந்தார்கள். ஃபெதிசோவ் மார்பில் அடியோடு தப்பினார். கொன்ஸ்தாந்தினோவுக்கு மூளையில் பலத்த காயம். அதன்பின் அவர் ஆடவே இல்லை. 1985ல் தம்பி அனதோலியைக் கார் விபத்தில் இழந்தவர் ஃபெதிசோவ். அன்று காரை ஓட்டியவரும் அவர்தான். பன்னிரண்டு வருடம் கழித்து மறுபடி ஒரு கார். அந்த ஆகஸ்டில் ஃபெதிசோவ், லரியோனோவ், கொஸ்லோவ் மூவரும் கோப்பையை மாஸ்கோவுக்கு எடுத்துப் போனார்கள். செஞ்சதுக்கத்தில் அது வைக்கப்பட்டது அதுவே முதல் முறை. எட்டு வருடம் முன்பு அவரை வெளியே விடவே மறுத்த ஊர். 1998ல் வாஷிங்டனை வென்று மறுபடி கோப்பை. அன்று கொன்ஸ்தாந்தினோவைச் சக்கர நாற்காலியில் ஐஸுக்குக் கொண்டுவந்து, கோப்பையை அவர் மடியில் வைத்து, கூட்டாளிகள் தள்ளிக்கொண்டு போனார்கள். ஃபெதிசோவ் நாற்பது வயதில் ஆட்டத்தை நிறுத்தியது அதோடுதான்.

பிற்பாடு நடந்தவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் உங்கள் கேள்வி ஆட்டத்தைப் பற்றியது. 2000ல் நியூ ஜெர்சிக்கு உதவிப் பயிற்சியாளராக இன்னொரு கோப்பை. 2001ல் டொராண்டோவிலுள்ள ஹாக்கி ஹால் ஆஃப் ஃபேமில் இடம். 2002 ஒலிம்பிக்கில் ரஷ்ய அணியின் பொறுப்பாளராக வெண்கலம். அந்த வருடமே நாட்டின் விளையாட்டுத் துறைத் தலைவராகி 2008 வரை இருந்தார். பிறகு நாடாளுமன்ற மேலவை, பிறகு கீழவையான டூமா என்று அரசியலுக்குப் போனார். அவருடைய அரசியலை வைத்து அவருடைய பாஸை மதிப்பிடுவதும், பாஸை வைத்து அரசியலை மதிப்பிடுவதும் இரண்டுமே சரிப்படாது. 2009 டிசம்பரில், 51 வயதில், சிஎஸ்கேஏவுக்காக ஒரே ஒரு லீக் ஆட்டம் ஆடினார் என்பதை மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஆக, உங்கள் கேள்விக்கு என் பதில்: ஊதிப் பெருக்கவில்லை. பாபி ஓரைவிடப் பெரியவரா என்று கேட்டால் இல்லை என்பேன். அந்த இடத்துக்குப் பாபி ஓர் தவிர யாரையும் வைக்க எனக்கு மனம் வராது. இருபதிலிருந்து முப்பது வரை என்.எச்.எல்.லில் ஆடியிருந்தால் ஃபெதிசோவ் எத்தனை கோல் போட்டிருப்பார் என்று சிலர் கணக்குப் போட்டுக் காட்டுவார்கள். அதை நான் நம்புவதில்லை. தனியாக விடப்பட்ட நியூ ஜெர்சியில் சாதாரணமாகத் தெரிந்தவர், அவரைப் புரிந்துகொண்ட நால்வர் கிடைத்த டெட்ராய்ட்டில் மறுபடி எழுந்தார். அதே ஆள் இருபத்தைந்து வயதில், குறுகிய ரிங்கில், புரிந்துகொள்ளாத அணியில் எப்படி ஆடியிருப்பார் என்பதைக் கூட்டல் கழித்தலில் கண்டுபிடிக்க முடியாது. ஆனால் முழு பலத்தோடு மோதிய 1987 தொடரும், 38ஐ நெருங்கும் வயதில் எடுத்த அந்த 42 புள்ளியும் இருக்கும்போது, அவரைச் சோவியத் லீகின் சலுகையில் வளர்ந்தவர் என்று சொல்ல இடமில்லை.

நேரம் கிடைத்தால் 1987 இறுதிச் சுற்றின் மூன்றாவது ஆட்டத்தை இணையத்தில் தேடிப் பாருங்கள், ஹாமில்டனில் செப்டம்பர் 15 அன்று நடந்தது. முதல் எட்டு நிமிடத்தில் சோவியத் 3-0 என்று முன்னால் போய்விடும். கடைசியில் லெமியூ கோலால் கனடா ஜெயிக்கும். ஒரு தடவை வழக்கம்போலப் பார்த்துவிடுங்கள். இரண்டாவது தடவை பக்கை விட்டுவிட்டுச் சிவப்புச் சட்டையில் 2ஆம் எண்ணை மட்டும் பாருங்கள், பக் அவரிடம் வருவதற்கு இரண்டு நொடி முன்பிருந்து. தலை எத்தனை முறை திரும்புகிறது என்று எண்ணிக்கொண்டே வாருங்கள்.